பட்டவள்தான் சொல்ல வேண்டும்

அன்பு மகள் நேசபாய்க்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. போன தடவைபோல எழுத்துகள் வரியை விட்டுக் கீழே சரியாமல் நிமிர்ந்து நின்றதைப் பார்த்ததும், காய்ச்சல் முழுவதும் விட்டுவிட்டது என்று படிக்கும் முன்பே தெரிந்துகொண்டோம், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். இங்கே அப்பாவும் தங்கை ராஜபாயும் நானும் சுகம். பாலர் பண்டிகையில் நீ எழுதி அனுப்பிய விளையாட்டுகளைப் பிள்ளைகள் எப்படி விளையாடினார்கள் என்று கேட்டிருந்தாய். அதை எழுத உட்கார்ந்தால், அன்று நான் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தைதான் முதலில் வந்து நிற்கிறது. பட்டுது என்ற வார்த்தை. கோயில் முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொல்லவில்லை.

உனக்கு முறையாகவே எழுதுகிறேன், அப்பா எழுதினால் நாலு வரியில் முடித்துவிடுவார். நீ பள்ளிக்கூட வேலைக்குக் கண்டிக்குப் போனதற்குப் பிறகு பாலர் பண்டிகை விளையாட்டை நடத்த ஆளில்லை என்று உபதேசியார் என்னிடம் வந்தார். நான் புத்தகம் வாசிக்கிறவள், ஓடத் தெரியாதே என்றேன். ஓடுவதற்குப் பிள்ளைகள் உண்டும், நீங்க சும்மா நின்னு பாத்தா மதி, அது போதும் என்றார். ஆகவே நீ எழுதியிருந்தபடி முதலில் எல்லாரும் கைகோத்து வட்டமாக நிற்க, ஒருத்தி வெளியே ஓடிவந்து யாராவது ஒருவரின் முதுகுக்குப் பின்னால் கைக்குட்டையைப் போடுகிற விளையாட்டை வைத்தேன். நாற்பது பிள்ளைகள் இருக்கும். அதில் குளத்தங்கரைப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். அவர்கள் குடும்பங்கள் ஞானஸ்நானம் பெற்று மூன்று தலைமுறை ஆகிறது, ஆனாலும் கோயிலில் பின்வாசலை ஒட்டிய பாய் அவர்களுடையது என்று யாரும் சொல்லாமலே ஆகிவிட்டது உனக்குத் தெரியும். சாதி என்ற சொல் நம் சபையில் யார் வாயிலும் வராது, பாய்தான் அதைச் சொல்லும். வட்டம் போட்டபோது இரண்டு இடத்தில் மட்டும் கைகள் சேரவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டீக்கனார் முத்துநாயகத்தின் மனைவி ஒரு பழைய வேட்டியைக் கிழித்துத் துண்டு துண்டாகக் கொண்டுவந்தார்கள். பிள்ளியளுக்குக் கை வேர்க்கும்லா, ஆளுக்கொரு துணியப் பிடிக்கட்டு, என்று சிரித்த முகமாய்ச் சொல்லி, கை சேராத அந்த இரண்டு இடத்திலும் முதலில் கொடுத்தார்கள். கொடுத்ததுதான் தாமதம், பையன்கள் துணியை இடுப்பில் சொருகி வால் என்றார்கள், சிலர் முறுக்கி ஒருவரை ஒருவர் அடித்தார்கள், ஒருவன் டீக்கனாரின் நாய்க்குத் தலைப்பாகை கட்டிவிட்டான். வட்டம் போயே போய்விட்டது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம் என்று உன்னிடம் சொல்வதற்கென்ன. அப்புறம் எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலாய்க் கிளித்தட்டு, கிளித்தட்டு என்று கத்தினார்கள்.

கிளித்தட்டுக்குக் கை கோக்க வேண்டாம், அதனால் தொல்லை இராது என்று எண்ணிவிட்டேன். தொடுவதுதான் அந்த ஆட்டமே என்பது அந்த நேரத்தில் என் புத்திக்கு எட்டவில்லை. பள்ளிக்கூடத்து அடுப்பிலிருந்து சாம்பல் அள்ளிவந்து கோடு போட்டோம். பிள்ளைகள் தங்கள் வழக்கப்படி இரண்டிரண்டு பேராகத் தோளில் கைபோட்டுப் போய் இரகசியமாய்ப் பேர் வைத்துக்கொண்டு வந்து, உனக்குச் சக்கை வேணுமா மாங்கா வேணுமா என்று கேட்டுக் கட்சி பிரிந்தார்கள், அந்தப் பிரிவில் பாய் எதுவும் இல்லை, பலாச்சக்கையும் மாங்காயும் மட்டும்தான். நம் ராஜபாய் ஓடிக் கடக்கிற கட்சியில். குளத்தங்கரைப் பூங்கனி கோடு காக்கிற கட்சியில். பூங்கனியை உனக்கு நினைவிருக்கும், உன் வகுப்பில் பல்லில்லாமல் பாடுவாளே, இப்போது பதினோரு வயதாகி, கொக்குப்போலக் கால் நீண்டிருக்கிறாள். அவளை மிஞ்சி ஓட அங்கே ஒரு பையனும் கிடையாது. ஆட்டம் தொடங்குமுன் பிள்ளைகளே நீ இரண்டு வருஷத்துக்கு முன்னால் போட்டுக்கொடுத்த சட்டத்தை எனக்குச் சொன்னார்கள்: பட்டவன்தான் சொல்லணும், பட்டவள்தான் சொல்லணும், வேறே யாரும் சொல்லப்பிடாது. அவர்கள் சண்டையைத் தாங்கமாட்டாமல் நீ போட்ட சட்டம், இன்றைக்கு வேதவாக்கியம்போல ஆகியிருக்கிறது.

கடைசி ஆட்டத்தில் ராஜபாய் மறுகோடி வரை எல்லாக் கோடும் கடந்துபோய் உப்பெடுத்துத் திரும்பி வந்தாள். இன்னும் ஒரே கோடு. அதைத் தாண்டிவிட்டால் அவள் கட்சிக்கு ஜெயம். அந்தக் கோட்டில் பூங்கனி. ஏட்டி, குனிஞ்சு போட்டி, குனிஞ்சு போ, என்று ராஜபாயின் கட்சிக்காரர் கத்த, இவள் இடம் காட்டி வலம் பாய்ந்தாள், பூங்கனி தரையோடு தரையாகச் சாய்ந்து ஒரு கை ஊன்றி மறு கையை வீசினாள். கை விழுந்த சத்தம் எனக்கே கேட்டது. எனக்க கையில பட்டுது, என்று பூங்கனி சொன்னாள், கத்தக்கூட இல்லை. படல்ல, படல்ல, என்று ராஜபாய் குதித்தாள். கோட்டுச் சாம்பலில் ஊன்றி ஊன்றி விளையாடிய கை அது, பண்டிகைக்கு நான் தைத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையின் முதுகில் ஐந்து விரலும் அச்சாகப் பதிந்திருந்தது. ஏட்டி, ஒனக்க முதுகப் பாருட்டி, என்று ஒருவன் சொல்ல, இவள் வாலைப் பிடிக்கப்போன நாய்க்குட்டிபோலச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். எல்லாரும் சிரித்தார்கள், பூங்கனியும் சிரித்தாள், நானும்தான். அதோடு முடிந்திருந்தால் நல்ல ஆட்டம். ஆனால் டீக்கனாரின் மனைவி வந்து ராஜபாயின் தோளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஐயோ பிள்ளே, இத உடுத்துக்கிட்டா சாயா குடிக்க இருக்கப் போற, ஓடிப்போயித் தலையோட குளிச்சிட்டு வேற உடுத்துட்டு வா, என்றார்கள். சாம்பலுக்குத் தலை முழுகச் சொன்னதாக நான் இதுவரை கேட்டதில்லை. ராஜபாயும் கேட்டதில்லை. அவள் முகத்தில் சிரிப்பு நின்று, வேறொன்று வந்தது. இப்போது பட்டது என்றால் ஆட்டத்தில் தோற்பது மட்டுமில்லை என்று அந்த ஒன்பது வயசுக்கு அந்த நொடியில் புரிந்தது. படல்ல, நான் விழுந்து ஒட்டின சாம்பல், என்றாள், என் முகத்தைப் பாராமல்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். டீக்கனார், படல்லன்னு சொல்லிக் காரியத்த முடியுங்கம்மா, சாயா ஆறுது, என்றார். நான் சொல்லியிருக்கலாம், பட்டுது, வெளியே வா மக்களே என்று ஒரு சொல். ஆனால் நான் சொன்னால் அது என் தீர்ப்பு. அவளே சொன்னால்தான் அது சத்தியம் என்று நின்றேன். பட்டவள்தான் சொல்ல வேண்டும் என்ற சட்டத்தைக் காத்தேனா, டீக்கனார் வீட்டு முகத்தைப் பார்த்தேனா என்று பலமுறை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன், இரண்டும் இருந்தது என்றுதான் படுகிறது. அந்த நேரத்தில் பூங்கனி மதில் பக்கம் பார்த்தாள். அங்கே அவள் அம்மை இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றாள். அம்மை வேண்டாம் என்று தலையை ஒரே ஒரு தடவை ஆட்டினாள். உடனே பூங்கனி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, கை எட்டல்ல அம்மா, நான் தொடல்ல, என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கோட்டை விட்டு நடந்து போனாள். ராஜபாயின் கட்சி ஜெயித்துவிட்டது. கைதட்டினார்கள். ராஜபாய் தட்டவில்லை. சாயாவும் குடிக்கவில்லை, குளிக்கவும் இல்லை, அந்தச் சட்டையோடேயே வீட்டுக்கு வந்து மாட்டுத் தொழுவில் கன்றின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நம் மாடு கிடாரி ஈன்றிருக்கிறது, நெற்றியில் வெள்ளை, உனக்கு எழுத மறந்தேன்.

அப்பாவிடம் சொன்னேன். டீக்கனாரிடம் நான் பேசுகிறேன் என்றார். தினமும் சாயங்காலம் இருவரும் சேர்ந்துதான் சந்தையிலிருந்து வருகிறார்கள், மிளகு விலை பேசுகிறார்கள், இது இன்னும் பேச்சில் வரவில்லை. அப்பாவைக் குறை சொல்ல எழுதவில்லை, அவர்களுக்கு இருபது வருஷச் சிநேகம். அடுத்த வீட்டுச் செல்லத்தாய்க்கு எப்படியோ விஷயம் தெரிந்திருக்கிறது. வேலிக்கு அப்பால் நின்றுகொண்டு, எங்க நிழல்தாங்கல்ல கும்பிடப் போனா நெத்தியில தொட்டுத்தான் நாமம் இடுவாவ, தொட்டாத்தான் நாமம், ஒங்க கோயில்ல தொட்டாத் தலை முழுகணுமாக்கும், என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள், முருங்கைக்காயும் தந்தாள். மகாராஜா அம்பலக் கோயில்களை எல்லாருக்கும் திறந்துவிட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை, அப்போது நம்மவர்கள், நம்ம கோயில் நூறு வருஷமாகத் திறந்துதானே இருக்கிறது என்று பெருமையாய்ப் பேசினதை நினைத்துக்கொண்டேன்.

பண்டிகைக்கு அடுத்த ஞாயிறு பின்வாசல் பாய் வெறுமையாய்க் கிடந்தது. ஒரு பிள்ளையும் வரவில்லை. புதன்கிழமை மத்தியானம் நானே குளத்தங்கரைக்குப் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனதில் எழுதி எழுதித் திருத்திக்கொண்டு போனேன், உனக்கு என் குணம் தெரியும். பூங்கனியின் அம்மை ஓலை முடைந்துகொண்டிருந்தாள். வாருங்கோம்மா, மவளத் தேடியா வந்திய, அன்னா நிக்கியா, என்று கையைக் காட்டினாள். ராஜபாய் அங்கே இருப்பது எனக்குத் தெரியாது. குளம் வற்றிய தரையில் குச்சியால் கோடு கீறிப் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். கோட்டுக்கு வெளியே, வெயிலில், நம் பிள்ளை தனியாக நின்றாள். நான் பதறினேன். பூங்கனியின் அம்மை சிரித்துவிட்டாள். ராஜபாய் தானாக வந்தாளாம், வந்து பூங்கனியிடம், அன்னைக்குப் பட்டுது, என்றாளாம். அதற்குப் பூங்கனி, அப்பம்னா வெளிய நில்லு, எனக்க ஆட்டம் முடியட்டு, என்றாளாம். அன்றிலிருந்து இருந்த கணக்கு அது, இவளும் போய் நின்றிருக்கிறாள். நான் கூப்பிடவில்லை. நான் வழியில் திருத்தி வைத்திருந்த வாக்கியங்களுக்கெல்லாம் வேலை இல்லாமல் போயிற்று. பிள்ளைகளை ஞாயிற்றுப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் கேட்டேன். அவள் ஓலையிலிருந்து கண் எடுக்காமலே சொன்னாள், எனக்க பிள்ள கள்ளம் பேசமாட்டா அம்மா, அன்னைக்கு நாந்தான் தலைய ஆட்டினேன், அவளக்கொண்டு இன்னொருக்காக் கள்ளம் சொல்ல வைக்க என்னால ஒக்காது, அதுதான் அனுப்பல்ல. நான் அவளருகில் தரையில் உட்கார்ந்தேன். அவள் எழுந்து போய் இளநீர் வெட்டிக் கொண்டுவந்தாள், குடித்தேன். ராஜபாய் நின்றுகொண்டே இருந்தாள், முகம் சிவந்து வேர்த்து. எனக்கு அவளை அள்ளிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அது அவள் நிற்க வேண்டிய வெயில் என்று விட்டுவிட்டு வந்தேன்.

மக்களே, உன் பள்ளிக்கூடத்திலும் தோட்டத்துப் பிள்ளைகள், டவுன் பிள்ளைகள் என்று இரண்டு விதம் உண்டு என்று எழுதியிருந்தாய். வட்டம் போடச் சொன்னால் நீ நடுவில் நிற்காதே, சுற்றி நடந்து வா, கைகள் எந்த இடத்தில் சேரவில்லை என்று பார்த்து அந்த இடத்தில் நீ போய் நில். வேறு புத்தி சொல்ல எனக்குத் தெரியவில்லை. நீ இந்த வீட்டில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாக இருக்கும்போது நான் சின்னம்மையாக வந்தேன், உனக்கும் எனக்கும் பத்து வயதுதான் வித்தியாசம், புத்தி சொல்ல எனக்கு எப்போதும் கூச்சம். அந்த மலைக் குளிரில் கம்பளிச் சட்டை இல்லாமல் காலை ஜெபத்துக்குப் போகாதே. தண்ணீர் காய்ச்சிக் குடி. காய்ச்சலுக்குப் பிறகு மயிர் உதிரும், அதற்காகக் கவலைப்பட்டுக் கண்ட எண்ணெயும் வாங்கித் தடவாதே, காய்ச்சின தேங்காயெண்ணெய் ஒரு போத்தல் அப்பா கொழும்பு போகிறவர்கள் கையில் கொடுத்து அனுப்புவார். ஒரு வேளை கூடச் சோற்றை விட்டுவிடாதே.

உன்னைக் காக்கிறவர் உறங்குகிறவரல்ல என்ற நம்பிக்கையோடு உன்னை அவர் கையில் விடுகிறோம். நீ தொடங்குகிற காரியங்கள் வாய்க்கட்டும், உன் முன்னால் உட்காருகிற பிள்ளைகள் உன்னால் ஆசீர்வாதமாகட்டும். அப்பாவுக்குத் தனியாக நாலு வரி எழுது, என் கடிதத்துக்குள் வைத்து அனுப்பினால் போதும், வாசித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடப்பார்.

உன் நன்மையை நாளும் வேண்டும்
சின்னம்மை வேதமணி

பி.கு. அப்பா குழித்துறைத் தபாலாபீசுக்குப் போக இரண்டு நாள் பிந்தியதால் கடிதம் இன்னும் என்னிடமே இருக்கிறது. இன்று ஞாயிறு. பின்வாசல் பாயில் இன்றும் யாரும் இல்லை. பாடம் முடிந்து மற்றப் பிள்ளைகள் முற்றத்தில் கிளித்தட்டுக்குக் கோடு போடத் தொடங்கியதும், ராஜபாய் யாரிடமும் சொல்லாமல் வாசலைத் தாண்டிக் குளத்தங்கரைப் பக்கம் நடந்தாள். சற்று நேரத்தில் அவள் பின்னால் இன்னும் ஆறு பிள்ளைகள் போனார்கள். கடைசியாகப் போனவள் டீக்கனாரின் பேத்தி.