வேலிச் சத்தம் இல்லாத ஒலிப்பதிவு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். அங்கு தாங்களும் என் தங்கையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்களுக்கு எழுதும் கடிதத்தில் நம்பிக்கை என்ற சொல்லைப் போடவே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கடிதம் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதால் போட்டுவிட்டேன்.

'தாங்கள்', 'அவர்கள்' என்றெல்லாம் எழுதுவதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் கிடந்த காலத்திலிருந்து நாம் வாடா போடா என்றுதான் பேசியிருக்கிறோம். நீங்கள் என் தங்கையைக் கட்டிக்கொண்ட பிறகும் அது மாறவில்லை. ஆனால் எனக்குக் கோபம் தலைக்கேறினால் மரியாதை தானாக வந்துவிடும். என் மூக்குக் கண்ணாடிக் கடைப் பையன்களைக் கேளுங்கள். நான் 'வாங்க தம்பி' என்று கூப்பிட்டால் பின்வாசல் வழியாக ஓடுவார்கள்.

இதைப் போனிலேயே பேசித் தீர்த்திருக்கலாம். கூப்பிட்டால் நீங்கள் எடுப்பதில்லை. கொஞ்ச நேரம் கழித்து, 'எதுவானாலும் எழுத்தில் அனுப்பவும்' என்று ஒரு வரி வருகிறது. ஆடிட்டர் ஐயா வாயால் சொன்னால் ஏற்க மாட்டார் போலிருக்கிறது. சரி, எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

விஷயம், நீங்கள் நம் தூரத்து வானொலி கேட்போர் சங்கத்துக்கு அனுப்பிய ஒலிப்பதிவு. செயலாளர் நேற்று அதை எனக்கு அனுப்பிவைத்தார். கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு தீவில் இருக்கிற குட்டி வானொலி நிலையம், இந்தக் கரையிலிருந்து இதுவரை யாருமே பிடித்ததில்லை, உங்கள் மாப்பிள்ளை பிடித்துவிட்டார், ஆண்டுக் கூட்டத்தில் மாலை போடப் போகிறோம் என்று ஒரே குதூகலம். கூடவே வழக்கமான படிவமும். அரிய நிலையத்தைப் பிடித்ததாக ஒருவர் சொன்னால், அதே இடத்தில் உட்கார்ந்து கேட்கிற கூட்டாளி அந்தப் பதிவைக் கேட்டு, 'ஆம், இது எங்கள் கரையில் கேட்டதுதான்' என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்த விதியைக் கொண்டுவந்ததே நீங்கள். கையைத் தட்டித் தட்டிப் பேசினீர்கள்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். ஒரு பெண் குரல் வானிலை சொல்கிறது. பிறகு நிலையத்தின் பெயர். பிறகு ஏதோ வாத்தியம். லேசான இரைச்சல், நடுநடுவே அமுங்கி எழுகிறது. எல்லாம் பிரமாதம். ஒன்றைத்தான் காணோம்.

வேலி எங்கே மாப்பிள்ளை?

கடற்கரையில் நாம் வானொலி கேட்கிற தகரக் கொட்டகைக்குப் பின்னால் மணல்மேடு, அதற்குப் பின்னால் ஆட்டுப் பண்ணை, பண்ணையைச் சுற்றி மின்வேலி. அது விட்டுவிட்டு 'டிக்' என்று அடிக்கும். நாம் எந்த அலைவரிசைக்குப் போனாலும் கூடவே வரும். ஊருக்குள் ட்யூப்லைட்டும் மோட்டாரும் போடுகிற இரைச்சலுக்குப் பயந்துதான் கடற்கரைக்குப் போனோம். அங்கே போயும் இந்தச் சனியன் விடவில்லை. வேலியைக் கொஞ்ச நேரம் அணைத்து வைக்கக் கூடாதா என்று பண்ணைக்காரரிடம் நீங்கள் கெஞ்சினீர்கள். "என் ஆடு ரேடியோ கேக்காது சார், வேலி இல்லன்னா உங்க ஒயரத்தான் மேயும்" என்றார் அவர். அதிலிருந்து சங்கத்தில் நமக்கு வேலிக்காரர்கள் என்றே பெயர். நாம் அனுப்பிய ஒவ்வொரு பதிவிலும் அந்த டிக் உண்டு. ஒரே ஒரு பதிவில் இல்லை. அதுவும் நான் கல்யாண வீட்டுக்குப் போயிருந்த சனிக்கிழமை, நீங்கள் தனியாக உட்கார்ந்து பிடித்த பதிவில்.

எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எழுதவில்லை. இன்று காலை பண்ணைக்குப் போய், அந்த வாரம் வேலி பழுதா என்று கேட்டுவிட்டுத்தான் வந்தேன். "பழுதானா நான் இங்க நின்னு உங்ககிட்ட பேசிட்டிருப்பேனா, ஆட்டைத் தேடி ரோட்டுல ஓடிட்டிருப்பேன்" என்கிறார்.

அப்படியென்றால் நடந்தது என்ன என்று நானே சொல்கிறேன். எவனோ ஒருவன் அந்தத் தீவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் வானொலியைக் கணினியில் இணைத்து இணையத்தில் ஊருக்கெல்லாம் திறந்து வைத்திருக்கிறான். நீங்கள் வீட்டு மேசையில் காலாட்டிக்கொண்டு அதைக் கேட்டுப் பதிவு செய்து, நம் கொட்டகையில் பிடித்ததாக அனுப்பியிருக்கிறீர்கள். ஊரான் கணக்கில் ஒரு காசு இடித்தால் தூங்காத மனிதர். என் காதிலேயே பூ சுற்றப் பார்த்திருக்கிறீர்கள். மழையில் நனைந்து ஏரியல் ஒயர் இழுத்ததும், நண்டு கடித்த காலோடு மணலில் கம்பம் நட்டதும் இதற்குத்தானா?

தூரத்து நிலையங்கள் கேட்கிற போன பருவத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அப்போதே உங்களுக்கு இதில் மனம் இல்லை. நான் முகம் மலர்ந்து தலையாட்டினால் நீங்களும் ஆட்டினீர்கள். நான் உதட்டைப் பிதுக்கினால் நீங்களும் பிதுக்கினீர்கள். எதையும் நீங்களாக முதலில் சொல்லவில்லை. ஒரு நாள், "பண்ணைக்காரன் கடைசில திருந்திட்டான்டா" என்று வேறு நக்கலடித்தீர்கள். வேலி அப்போது அடித்துக்கொண்டுதான் இருந்தது.

நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. ஏன் போடவில்லை என்பதைச் செயலாளருக்கு விவரமாக எழுதப் போகிறேன். மாலைக்குச் சொல்லி வைத்திருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். என் தங்கை என்ன நினைப்பாள் என்று தயங்கினேன். அவளும் தெரிந்துகொள்ளட்டும்.

இதுவரை உள்ளதைக் காலையில் எழுதி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். தபாலில் போட்டிருப்பேன். அதற்குள் என் தங்கை போன் செய்தாள். அவள் கண்ணாடியின் பிடி உடைந்துவிட்டதாம், கூரியரில் அனுப்பட்டுமா என்று கேட்கத்தான் கூப்பிட்டாள். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் டிவி அலறுகிறது. அதைக் குறைக்கச் சொல் தாயே, என் காது கிழிகிறது என்றேன். "உங்க மாப்பிள்ளகிட்ட நீங்களே சொல்லுங்கண்ணா. எங்க வீட்டு டிவியிலதான் பக்கத்து வீட்டுக்காரங்க செய்தி கேக்குறாங்க. வாசல் மணி அடிச்சா நான்தான் ஓடணும். போன் வந்தாக்கூட எடுக்காம கவுத்து வச்சிட்டு உக்காந்திருக்காரு. ஏதாவது கேட்டா, ஆபீஸ் டென்ஷன்னு கத்துறாரு" என்றாள்.

போனை வைத்த பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு பெரியவருக்குப் படிக்கிற கண்ணாடிக்குப் பதில் வேறு யாருடையதையோ கொடுத்து அனுப்பிவிட்டேன். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து காலையில் எழுதியதை எடுத்துப் படித்தேன். 'பண்ணைக்காரன் திருந்திட்டான்.' நீ நக்கல் அடிக்கவில்லை. உனக்கு வேலி கேட்கவில்லை. வேலியே கேட்காதவனுக்கு அதற்குக் கீழே கிசுகிசுக்கிற நிலையம் எங்கே கேட்கப் போகிறது? அதனால்தான் போன பருவம் முழுக்க என் மூஞ்சியைப் பார்த்தே வானொலி கேட்டிருக்கிறாய். எங்கிருந்தோ ஒரு பதிவை எடுத்து அனுப்பும்போது அதில் வேலி இருக்க வேண்டும் என்பதுகூட உனக்கு நினைவில் இல்லை. உன்னைப் பொறுத்தவரை அந்தச் சத்தம் எப்போதோ நின்றுபோய்விட்டது.

டேய், என் கோபம் தணிந்துவிட்டது என்று நினைக்காதே. இரண்டு மடங்காகிவிட்டது. பொய்ப் பதிவு அனுப்பியதையாவது ஆடிட் வேலையில் பார்க்கிற ஏமாற்றுக்காரர்களிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று விட்டுவிடலாம். காது போகிறது என்பதை என்னிடம் மறைத்தாயே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது? கண் மங்கிப்போனவர்கள் விடிந்தால் என் கடை வாசலில் வந்து நிற்கிறார்கள். எவனாவது வெட்கப்படுகிறானா? எழுத்து தெரியலைப்பா என்று வாய்விட்டுச் சொல்கிறார்கள், ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு போகிறார்கள். நீ என்ன பெரிய இவனா? காதுக்கு மருத்துவர் இல்லையா, மெஷின் இல்லையா? உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒரு பருவம் முழுக்க நான் தனியாகக் கேட்டிருக்கிறேன். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

கையெழுத்து இப்போதும் போட மாட்டேன். அதில் மாற்றம் இல்லை. ஆனால் செயலாளருக்கு நான் எழுதப் போவதில்லை, நீதான் எழுதுவாய். அந்தப் பதிவு நம் கரையில் கேட்டதல்ல, திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று ஒரே வரி போதும். காரணம் அவருக்குத் தேவையில்லை. என் தங்கைக்குத் தேவை. அவளை உட்கார வைத்து நீயே சொல். நீ கத்துவது அவள் மேல் வெறுப்பினால் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள் போலிருக்கிறது. அவள் அப்படிச் சொல்லவில்லை. போனை வைப்பதற்கு முன், "அவரு முன்ன மாதிரி இல்லண்ணா" என்றாள், அவ்வளவுதான்.

நீ எழுதாவிட்டால், சொல்லாவிட்டால், உன் ஒயர், கம்பம், நாற்காலி எல்லாவற்றையும் மூட்டை கட்டி உன் வீட்டு வாசலில் இறக்கிவிடுவேன். நம் உறவு அதோடு சரி. மிரட்டல் என்றே வைத்துக்கொள்.

எழுதிவிட்டால், சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் கொட்டகைக்கு வந்து சேர். நல்ல பருவம் தொடங்கிவிட்டது, போன வாரமே தூரத்து நிலையங்கள் எட்டிப் பார்த்தன. உன் நாற்காலியில் உட்கார், ஹெட்போனை மாட்டு, சத்தத்தை உனக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வை. வேலி ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் உன் கையில் ஒரு தட்டுத் தட்டுகிறேன். கேட்டால் கேட்கிறது என்று சொல். கேட்காவிட்டால் கேட்கவில்லை என்று சொல். நிலையம் வந்தால் என்ன பேசுகிறார்கள், பெண்ணா ஆணா, பாட்டா செய்தியா, எல்லாம் நான் சத்தமாகச் சொல்கிறேன். ஆடுகள் மிரண்டால் மிரளட்டும்.

என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டாதே.

நன்றாக இரு. வந்து சேர்.

இப்படிக்கு,
கோபம் தீராத
உன் மச்சான்