வானத்தில் ஒரு குருவி

உ

கட்டுகஸ்தோட்டை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கஜனிக்கு,

நானும் அம்மாவும் இங்கே சுகம். அந்தக் குளிர் தேசத்தில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கப் பிள்ளையாரைக் கேட்டுக்கொள்கிறேன். இந்த முறை அவருக்கு நான் கூடுதலாகவே கடமைப்பட்டிருக்கிறேன், ஏன் என்று சொல்கிறேன்.

கண்டியில் சிற்றோவியப் போட்டி என்று எழுதியிருந்தேன் அல்லவா, அதற்கு நீ அனுப்பிய மெல்லிய தூரிகையால் ஈரானின் இஸ்பஹான் பள்ளிவாசலை வரைந்தேன். உள்ளங்கை அளவுத் தாள். முற்றத்தை மேலிருந்தும் வாசலை நேரிலிருந்தும் ஒன்றாகக் காட்டுவது பாரசீகச் சிற்றோவியத்தின் முறை. காலமெல்லாம் கட்டட பிளான் கீறிய எனக்கு அது சிரமமில்லை, ஆனால் கீறியது ஓவியமா பிளானா என்ற சந்தேகம் கடைசிவரை போகவில்லை. அம்மாதான் என்னைக் கேட்காமல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

வரைந்தவர் யாரென்று காட்டும் அடையாளம் இருந்தால் படத்தைத் தள்ளிவிடுவார்கள் என்பது விதி. படம் போன பிறகுதான், போனில் எடுத்து வைத்திருந்ததைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீல வானத்தின் உச்சியில் கறுப்பு மையில் பிள்ளையார் சுழி! எந்தத் தாளை எடுத்தாலும் என் கை அதைப் போட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கும், உனக்குத் தெரியுமே. அதைப் பள்ளிவாசலுக்கு மேலேயா போடுவது? எனக்குச் சோறு இறங்கவில்லை. "போய்ச் சொல்லிட்டு வந்து நிம்மதியா சாப்பிடுங்க" என்று அம்மா பஸ் ஏற்றிவிட்டாள்.

நடுவர்களில் மூத்தவர் மடவளையைச் சேர்ந்த ஓவிய ஆசிரியை றலியா. விஷயத்தைச் சொன்னேன். அவர் பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டு, இன்னொரு நடுவரான பவாஸைக் கூப்பிட்டு, "இஞ்ச வாங்களேன், என்ன குருவி எண்டு நாங்க சண்ட புடிச்சமே, அது இதுதான்!" என்று சிரிக்கத் தொடங்கிவிட்டார். வெறும் வானத்துக்கு அந்த ஒற்றைக் குருவிதான் உயிர் என்று தீர்ப்பிலேயே எழுதிவிட்டார்களாம். அப்போதும் நான் விடாமல் விதியை எடுத்துச் சொன்னேன். "ஆளக் காட்டுற அடையாளம்தானே கூடாது? ஒங்கட பேரு என்ன, பிள்ளையாரா?" என்றார் றலியா. "டீச்சர் கீறுற படங்களையும் கண்ணாடி வச்சுப் பாருங்க சேர், மூலையில 786 ஈக்கும்" என்றார் பவாஸ். நாம் சுழி போடுவது போல முஸ்லிம்கள் தொடக்கத்தில் போடும் எண் அது.

மகளே, முதல் பரிசு எனக்குத்தான்! நேற்று மேடையில் பெயரைக் கூப்பிட்டபோது வேறு கஜேந்திரன் இருக்கிறாரோ என்று நான் திரும்பிப் பார்க்க, அம்மா முதுகில் குத்தி அனுப்பினாள். மண்டபமே எழுந்து கைதட்டியது. தீர்ப்பை மேடையிலேயே வாசித்துவிட்டதால், இன்று கண்காட்சியில் படம் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் குருவியைத்தான் தேடுகிறார்கள்.

பனியில் காதை மூடாமல் வெளியே போகாதே. மாப்பிள்ளைக்கும் உனக்கும் எங்கள் ஆசி. இந்தக் கடிதத்தின் உச்சியிலும் அந்தக் குருவி உட்கார்ந்திருக்கிறது, பார்.

உன் அப்பா,
ந. கஜேந்திரன்