பனிக்குள் கேட்ட குரல்

அல்தாத்தா கடற்கரை

அன்புள்ள ரொசாவுராவுக்கு,

மலையில் குளிர் தொடங்கிவிட்டதா? உன் முதுகுவலி தணிந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

செவ்வாயன்று இறாலுக்குப் போன இடத்தில் பனி மூடி, இஞ்சினும் நின்றுவிட்டது. பயப்படாதே, கொஞ்ச நேரம்தான். திடீரென்று பிள்ளை அழுவது போல் மெல்லிய குரல்.

“யாரோ குழந்தைடா!” என்றேன்.

“காக்காடா, மலைக்காரா!” என்று சிரித்தான் கூட்டாளி எலியோதோரோ. “அதுங்க கத்துற பக்கந்தான் கரை. துடுப்பை எடு!”

நம் மலைக் காக்கையில் பாதி அளவுகூட இல்லாத, கரையில் நண்டு பொறுக்கும் காக்கைகள். அந்தச் சத்தத்தைப் பிடித்தே கரையேறினோம்.

அன்றிலிருந்து அவை கத்தினாலே நம் மகள் ஒதிலியாதான் அழுகிறாள் என்று எழுந்துவிடுகிறேன். பிறகு தூக்கமில்லை. என் கம்பளிச் சட்டையை அனுப்பு. அவள் இப்போது என்னென்ன பேசுகிறாள் என்றும் எழுது. படகில் கூப்பிடுகிறார்கள்.

உன்
ஃபிதென்சியோ