அன்பின் அதிகாரமும் மாமாவும்

நவம்பர் 3, திங்கள்

விடியற்காலையிலிருந்து தூறல். சனிக்கிழமை துவைத்த துணி இன்னும் ஈரம். ஹாலில் கொடி கட்டியாயிற்று. மாமா குனிந்து குனிந்து போகிறார், ஒவ்வொரு தடவையும் ஒரு முனகல்.

வாங்க வேண்டியவை: பினாயில், கொசுவத்தி, மாமாவுக்கு பிரஷர் மாத்திரை.

வேலையில், மைன்ஸ் ஸ்டோர்ஸில் கம்பூட் கேட்டுக் கூட்டம். மழை வந்தால்தான் எல்லாருக்கும் பழைய பூட்டின் ஓட்டை தெரியும். ஒன்பதாம் நம்பர் தீர்ந்துவிட்டது. "எட்டே குடுங்க மேடம், வெரல மடக்கிக்கறேன்" என்றார் ஒருவர்.

நேற்று சர்ச்சில், பெண்கள் கூட்டம். பாஸ்டர் அம்மா எல்லாருக்கும் ஒரு வேலை கொடுத்தார். பைபிளில் அன்பின் அதிகாரம், பதின்மூன்று வசனமும் மனப்பாடம். பதினாறாம் தேதி ஆராதனையில் ஒப்புவிக்க வேண்டும். பரிசு கிடையாது.

"யார ஒங்களால நேசிக்க முடியலையோ அவங்கள மனசுல வெச்சுகிட்டுப் படிங்க. வாயில கெடக்கறது ஒரு நாள் நெஞ்சுல எறங்கும்."

பக்கத்தில் இருந்தவர்கள் யாரை நினைப்பது என்று யோசித்தார்கள். எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. வீட்டிலேயே இருக்கிறார்.

நவம்பர் 4, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

வசனங்களைத் துண்டுச் சீட்டில் எழுதி ஐ.டி. கார்டு உறையில், கார்டுக்குப் பின்னால் வைத்தேன். மைன்ஸ் பஸ்ஸில் கழுத்திலிருந்து எடுத்துத் திருப்பினால் போதும். மூன்று வசனம் வந்துவிட்டது. முதல் மூன்றும் சுலபம். அன்பு இல்லாவிட்டால் நான் ஒன்றுமில்லை என்பதைத்தான் விதவிதமாகச் சொல்கிறது. நான்காவதில்தான் அன்பு என்னென்ன செய்யும், செய்யாது என்று வரிசை ஆரம்பம். அங்கே நாக்கு இடறுகிறது.

ஸ்டோர்ஸில் புதிதாகச் சேர்ந்த பெண் சாப்பிடும்போது கேட்டாள்.

"வீட்ல யார் யார்க்கா?"

"நானும் மாமாவும். ஹஸ்பண்டோட அப்பா."

"அண்ணன் வெளியூரா?"

"இல்லம்மா. தவறிட்டாரு. நாலு வருஷம் ஆச்சு. அவரு வேலதான் எனக்குக் குடுத்தாங்க."

அவள் முகம் போன போக்கைப் பார்த்து நானே பேச்சை மாற்றினேன். குழந்தைகள் உண்டா என்று கேட்பதற்குள்.

நவம்பர் 6, வியாழன்

மாலை முழுக்க மின்தடை. டிவி ஓடாததால் மாமாவுக்குப் பொழுது போகவில்லை. நாற்காலியைச் சமையலறை வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டார். முப்பத்து மூன்று வருடம் மைன்ஸில் மண் வெட்டும் மெஷினில் வேலை பார்த்த காது. பாதிதான் கேட்கும். நான் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே முணுமுணுத்தேன்.

"யார வைய்யற?"

"வையல மாமா. வசனம்."

"சத்தமா சொல்லு. காதுல வுழல."

சத்தமாகச் சொன்னேன். 'தற்பொழிவை நாடாது' என்ற இடத்தில் கை காட்டி நிறுத்தினார்.

"தற்பொழிவுன்னா என்னா?"

எனக்குத் தெரியாது. சிறுவயதிலிருந்து எத்தனையோ கல்யாணங்களில் கேட்டிருக்கிறேன், ஒரு தடவையும் யோசித்ததில்லை.

"தெரியாமயே உருப்போட்டுகினு இருக்கிறியா?" கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "பொழிவுன்னா மழதான? தம் மேல மட்டும் மழ பொழியணும்னு நெனைக்கறது."

"சுயநலம்னு நெனைக்கிறேன் மாமா."

"அதத்தான் நான் சொன்னேன்."

சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்று இப்போது யோசிக்கிறேன். இந்த வீட்டில் நாங்கள் இருவரும் சேர்ந்து கடைசியாக எப்போது சிரித்தோம்? பாஸ்கர் இருந்தபோது அவர்தான் நடுவில். அப்பாவிடம் ஒன்று சொல்வார், என்னிடம் ஒன்று சொல்வார். இப்போது நடுவில் டிவி.

நவம்பர் 8, சனி

பாதி அதிகாரம் ஆயிற்று. மாத்திரை வாங்க மறந்து, திரும்பக் கடைக்குப் போய் வந்தேன்.

என் வசனம் இப்போது மாமா கையில் ஆயுதம். காபி டம்ளரைத் தட்டிவிட்டார், இப்போதுதான் துடைத்த தரை. நான் ஒன்றும் பேசவில்லை, துணியைக் கொஞ்சம் வேகமாக உதறினேன். அவ்வளவுதான்.

"சினமடையாதுன்னு நேத்து சொல்லிகினு இருந்தியே."

"நான் கோவப்படல."

"துணி படுது."

படிக்கப் படிக்க அன்பு கூடும் என்றார்கள். எனக்கு நேர்மாறு. முன்பெல்லாம் அவர் மேல் இருந்தது ஒரு மந்தமான எரிச்சல். இப்போது ஒவ்வொரு வசனத்துக்கும் ஒவ்வொரு உதாரணமாக அவர் நினைவில் வருகிறார். பொறுமை: அவர் பல் விளக்கும் சத்தம். தயவு: அவர் என்னை ஒரு நாள்கூட சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. ஆண்டவரே, இப்படியா எறங்கும்?

நவம்பர் 11, செவ்வாய்

கனமழை. பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வருவதற்குள் முழுக்க நனைந்தேன்.

எழுதக் கை வரவில்லை. எழுதியே ஆக வேண்டும்.

கதவைச் சாத்தித் திரும்பினால், பின்னால் ஆணி மட்டும் இருக்கிறது. பாஸ்கரின் மழைக்கோட்டைக் காணோம். மஞ்சள் கோட்டு, ஷிப்டுக்குப் போட்டுப் போவது. நான்கு வருடமாக அங்கேயேதான் தொங்கும். நான் துவைத்ததில்லை. யாரும் இல்லாதபோது காலரில் முகம் வைப்பேன். ரப்பர் வாடைதான் வரும், இருந்தாலும்.

"கோட்டு எங்க மாமா?"

"பால்காரன் நனஞ்சிகினு வந்தான். குடுத்துட்டேன்."

"யாரக் கேட்டுக் குடுத்தீங்க?"

"எம் புள்ள கோட்டு. யாரக் கேக்கணும்?"

அந்த நேரம் ஒரு வசனமும் வாயில் வரவில்லை. வந்தது இதுதான்:

"எங்கிட்ட கேக்கணும். இந்தக் குவார்ட்டர்ஸ் எம் பேர்ல இருக்கு. எங்கிட்ட கேக்காம இங்க ஒரு ஆணியக் கூட நீங்க தொடக் கூடாது."

பாதிக் காதிலும் அது நன்றாகவே விழுந்தது. ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார். அவர் டிவியை அணைத்து நான் பார்த்ததில்லை.

சாப்பிடவில்லை. இருவரும்தான்.

நவம்பர் 12, புதன்

வானம் வெளுத்துவிட்டது. வேலையிலிருந்து வந்தால் பூட்டு. சாவி பக்கத்து வீட்டில்.

"பெரியவரு பையோட கெளம்பினாருங்க. கேட்டேன், ஒண்ணும் சொல்லல" என்றார் பக்கத்து வீட்டம்மா. என் முகத்தை ஆராய்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் குறிஞ்சிப்பாடியிலிருந்து நாத்தனார் போன்.

"அப்பா இங்க வந்துட்டாரு ஸ்டெல்லா. என்னாச்சு? கேட்டா, பேத்தியப் பாக்கத் தோணிச்சின்றாரு."

"ஒண்ணும் இல்ல அண்ணி. மாத்திர எடுத்துகிட்டாரா?"

"எடுத்துகினு வந்துருக்காரு."

அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியவில்லை. அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் மேலும் கஷ்டம்.

நவம்பர் 14, வெள்ளி

வெயில். துணி எல்லாம் காய்ந்து மடித்தாயிற்று. கொடியை அவிழ்த்தேன்.

அரிசி ஒரு ஆழாக்கு போட்டாலே மிச்சம்.

மாலை ஆறு மணிக்கு வாயை மூடினால் மறுநாள் பஸ்ஸில் ஏறித்தான் திறக்கிறேன். மாடி வீட்டில் யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள். யாருடைய பிள்ளையோ வாய்ப்பாடு சொல்கிறது. என் அண்ணனுக்குப் பெங்களூருக்குப் போன் செய்தேன், மீட்டிங்கில் இருக்கிறேன் என்று மெசேஜ் வந்தது.

அதிகாரம் முழுவதும் வந்துவிட்டது. ஒரு திக்கல் இல்லை. ஹாலில் நின்று முதலிலிருந்து கடைசி வரை சத்தமாகச் சொன்னேன். நிறுத்திக் கேள்வி கேட்க ஆள் இல்லை. பொறுக்க ஆள் இல்லை, கோபப்பட ஆள் இல்லை, யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. இந்த வீட்டில் இன்று நான் பூரணமான கிறிஸ்தவள்.

நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன்.

நவம்பர் 16, ஞாயிறு

மேகமூட்டம். ஆராதனையில் ஒப்புவித்தேன். நன்றாகச் சொன்னது நான்தானாம். பாஸ்டர் அம்மா கட்டிப்பிடித்தார். "யார நெனச்சுப் படிச்சியோ அவங்களும் மாறுவாங்க பாரு." ஆமென் சொல்ல வாய் வரவில்லை. 'தற்பொழிவு' என்றால் என்ன என்று அவரிடம் கேட்டேன். தன் சொந்த லாபம், தன் வசதி என்றார். மாமாவின் மழை அவ்வளவு தப்பில்லை.

வீட்டுக்குப் போகவில்லை. மந்தாரக்குப்பத்தில் மாமாவின் பேத்திக்கு பிஸ்கட் வாங்கிக்கொண்டு குறிஞ்சிப்பாடி பஸ் ஏறினேன். நல்ல கூட்டம், வடலூர் வரை நின்றே போனேன்.

நாத்தனார் வீடு இரண்டே அறை. மாமா பின்பக்கம் தென்னை மரத்தடியில் கட்டிலில் இருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தார். விருந்தாளி வந்ததுபோல். அது சுருக்கென்றது.

"தப்பு மாமா. நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"என்னா தப்பு? ஒம் பேர்லதான இருக்குது."

"மாமா."

"நெசத்ததான சொன்ன." கட்டில் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார். நாத்தனார் டீ வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் தரையில் உட்கார்ந்தேன். நான் கேட்காமலே அவராகச் சொன்னார்.

"நீ டூட்டிக்குப் போயிட்டா வூட்ல நான் ஒருத்தன். சாப்ட்டுட்டுப் படுப்பேன். எழுந்து பாத்தா கதவாண்ட மஞ்சளா தொங்கும். புள்ள ஷிப்ட் முடிச்சி வந்துட்டான்னு நெனச்சிக்குவேன். எழுந்துகூட ஒக்காந்துருவேன். பொறவுதான் நெனப்பு வரும்."

"தெனமுமா மாமா?"

"தெனமுந்தான்." மூக்கைத் துண்டால் துடைத்தார். "எத்தினி வாட்டிம்மா சாவான் அவன்?"

அவர் கையைப் பிடிக்கலாமா என்று நினைத்தேன். மாமனார் கையை எந்த மருமகள் பிடித்திருக்கிறாள்? டீ டம்ளரை எடுத்து அவர் கையில் வைத்தேன். சூடு ஆறியிருந்தது. குடித்தார்.

அவர் பிள்ளையைப் பற்றி என்னிடம் பேசியது இதுதான் முதல் தடவை. நானும் பேசியதில்லை. எனக்கு ஆறுதலாக இருந்தது அவரைத் தினமும் கொன்றிருக்கிறது. ஒரே கதவுக்குப் பின்னால்.

கூட வாங்க என்றேன்.

"கார்த்திக தீபம் போவட்டும். பேத்தி கேக்குறா."

வற்புறுத்தவில்லை. தனியாகத் திரும்பினேன். வீடு இருட்டு. ஸ்விட்சைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

நவம்பர் 25, செவ்வாய்

மறுபடி மழை. சளி. ஸ்டோர்ஸில் ஸ்டாக் எண்ணும் வேலை.

காலையில் பால்காரர் மஞ்சள் கோட்டில் வந்தார். கதவைத் திறந்ததும் பாஸ்கர் என்றே வழிவிட்டு ஒதுங்கினேன். பிறகு மாமா சொன்னது முழுதாகப் புரிந்தது.

"பெரியவரு எப்பங்க வருவாரு? எங்கிட்ட நல்லா பேசிகினு இருப்பாரு."

என்ன பேசுவார் என்று கேட்டேன்.

"ஒங்களப் பத்திதான். மருமவ பெரிய ரெஜிஸ்டரு எல்லாம் பாக்குது, இங்கிலீஷ்ல எழுதுதும்பாரு."

பால் பாத்திரத்தோடு உள்ளே வந்துவிட்டேன். பால் பொங்கி வழிந்தது.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை. சுற்றி எல்லா குவார்ட்டர்ஸிலும் அகல் விளக்கு. விளக்கு ஏற்றுகிற மாமா இல்லாமல் எங்கள் வாசல் மட்டும் இருட்டு. சர்ச்சில் ஜெபக் கூட்டம், போகவில்லை. அண்ணி போன் செய்தார். மாமா பக்கத்தில் இருப்பது தெரிந்தது, இருமல் கேட்டது. பேசவில்லை.

பேசக் கொடுங்கள் என்று நானும் கேட்கவில்லை. ஏன்?

டிசம்பர் 6, சனி

வெயில், நல்ல காற்று. மத்தியானம் கதவு தட்டும் சத்தம். மாமா, கையில் அதே பை. போன் இல்லை, முன்னறிவிப்பு இல்லை.

"பஸ்ல எடமே இல்ல. நின்னுகினே வந்தேன்."

"சொல்லியிருந்தா நான் வந்திருப்பேன்ல மாமா."

"எனக்கு வழி தெரியாதா?"

உள்ளே வந்தவர் வாசலிலேயே தயங்கினார், பையை எங்கே வைப்பது என்று. வாங்கி அவர் கட்டிலில் வைத்தேன். டிவியைப் போட்டார். மாடிக்கே கேட்கும் சத்தம். அரை மணி பொறுத்தேன். பிறகு நானே போய்க் குறைத்தேன். அவர் கூட்டினார். ஒன்றும் மாறிவிடவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

பனி. சர்ச் போய் வந்து சமையல். அவர் வந்திருக்கிறாரே என்று எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்பு. நன்றாக வந்தது. எதிரெதிரே உட்கார்ந்தோம். பேச ஏதாவது வேண்டுமே என்று நான்தான் ஆரம்பித்தேன்.

"அவருக்கு இது ரொம்பப் புடிக்கும்."

"ஆமாம். பச்சயா குடுத்தாக்கூட துன்னுவான்." கொஞ்சம் சிரித்தார். சோற்றைப் பிசைந்தார்.

"ஒங்களுக்கும் புடிக்கும்ல மாமா?"

கேட்ட பிறகுதான் உறைத்தது. இதற்கு முன் நான் கேட்டதே இல்லை. அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கத்திரிக்கா எனக்கு ஆவாதும்மா. சின்ன வயசுலேர்ந்தே."

"நாலு வருஷமா வாரா வாரம் செய்யறேன். ஏன் மாமா சொல்லல?"

"நீ அவன நெனச்சி ஆக்கற. அதப் போயி என்னான்னு சொல்றது?"

ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டு, மெல்லாமல் விழுங்கினார். எப்போதும் அப்படித்தான் சாப்பிடுவார். பல் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தட்டை இழுத்துக்கொண்டேன். ரசம் ஊற்றினேன். நாளைக்கு என்ன செய்யட்டும் என்றேன். எதுனா செய் என்றார். இல்லை, சொல்லுங்கள் என்றேன். ரொம்ப நேரம் யோசித்தார், யாரும் கேட்காத கேள்வி என்பதுபோல.

"மொச்சக்கொட்ட. கருவாடு போட்டு."

மந்தாரக்குப்பத்தில் கிடைக்கும். வேலை முடிந்து நேராகப் போக வேண்டும். பை எடுத்துக்கொள்ள மறக்கக் கூடாது.