ரிசல்ட் வரும் வரைக்கும்

இன்று காலை மெர்லிமாவ் சந்திப்பில் பேக்டரி பஸ் ஒன்று என் காருக்கு முன்னால் நின்றது. கதவு திறந்ததும் டீசல் புகையோடு முகப்பவுடர் வாசனையும் வந்தது. ஏறிய பெண்களில் உன்னைத் தேடினேன். நீ செத்து இத்தனை வருடமாகியும் இந்தப் பழக்கம் போகவில்லை.

ஐந்தாம் படிவத்தில் ஆசிரியர் ஒவ்வொருவராக எழுப்பி, என்னவாகப் போகிறீர்கள் என்று கேட்டாரே. பையன்கள் லாரி ஓட்டப் போவதாகவும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவதாகவும் சொன்னார்கள். பெண்கள் நாம்தான் டாக்டர், டீச்சர் என்று அளந்தோம். நீ வக்கீல் என்றாய். பின்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள். நீ திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு பாதியில் நின்றது.

உன் அண்ணனுக்குப் புத்தகத்தைக் கண்டாலே தூக்கம் வரும். மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டுவதில்தான் உயிர். உன் அப்பாவோ, ஆம்பளைப் பிள்ளை படித்தால்தான் குடும்பம் தோட்டத்துக் கூலி வேலையை விட்டு வெளியேறும் என்று அவனை மலாக்கா டவுனில் ஒரு கல்லூரியில் சேர்த்தார். ஐந்தாம் படிவ இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். பரீட்சை முடிந்த கையோடு உன்னை பேக்டரி பஸ்ஸில் ஏற்றினார். எல்லா லயத்து வீடுகளிலும் பெண்களை அப்படித்தான் ஏற்றினார்கள். "ரிசல்ட் வர்ற வரைக்கும்தான் லா," என்று நீயும் சொன்னாய்.

ரிசல்ட் வந்தது. தோட்டத்திலேயே உனக்குத்தான் நல்ல தேர்ச்சி. அண்ணன் முடிக்கட்டும், பிறகு பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் பார்க்கலாம் என்றார் அப்பா. அந்த வருடமே சேராவிட்டால் ஆறாம் படிவம் யாருக்காகவும் காத்திருக்காது என்பது அவருக்குத் தெரியவில்லை. நான் ஜாசின் பள்ளியில் ஆறாம் படிவத்தில் போய்ச் சேர்ந்தேன். நீ அண்ணன் தொடாத கல்லூரிப் புத்தகங்களை பஸ்ஸில் படித்துக்கொண்டு போனாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தபோது கன்னம் ஒட்டியிருந்தாய்.

"அடுத்த வருஷம் தனியா ஆறாம் படிவப் பரீட்சை எழுதப் போறேன். அப்பாகிட்ட சொல்லிடாத," என்றாய்.



மழை பெய்த ஒரு விடியலில் செம்பனைக் குலை ஏற்றிய லாரியில் உங்கள் பஸ் மோதியது. உன் அண்ணன்தான் வந்து சொன்னான். "எனக்குப் படிப்பு வேணாம்னு அப்பவே சொன்னேன்," என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

நான் இப்போது டீச்சர். என் வகுப்பிலும் பெண்கள் பெரிதாக ஆசைப்படுகிறார்கள், பையன்கள் மேசையைப் பார்க்கிறார்கள். எவளாவது உறுதியாகச் சொன்னால் முதலில் எனக்குப் பயம்தான் வருகிறது. பரீட்சை முடிவதற்குள் அவள் வீட்டுக்குப் போய்விடுவேன். அப்பாக்கள் தேத்தண்ணி கொடுத்து, கண்டிப்பாகப் படிக்க வைக்கிறோம் என்பார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. உன் அப்பாவும் உன்னிடம் பொய் சொல்லவில்லை. அதை நினைத்துத்தான், வாசல் தாண்டிய பிறகும் திரும்பிப் போய் இன்னொரு முறை கேட்கிறேன்.