சூளையில் வேகாதது

கூட்டாளி,

இன்று காலை ஷட்டரைத் தூக்கும்போதே ஒயர் எரியும் நாற்றம் அடித்தது. நம் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்னால் காயலான் கடைக்காரர் செம்புக்காக மறுபடி கொளுத்துகிறார். யாரோ பழைய கம்ப்யூட்டரை அவரிடம் தள்ளிவிட்டுப் புதிது வாங்கியிருக்கிறார்கள். நீ இருந்தால் இந்நேரம் பைக்கை எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போயிருப்பாய். நான் உள்ளே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஸ்ரீமுஷ்ணம் திருவிழாவில் தரையில் பீங்கான் பொம்மை விரித்து விற்றவன் நான். மண் பிசைந்து மேலே வந்தவன் நீ. கம்ப்யூட்டர் நம் இருவருக்குமே தெரியாது. நாம் சுட்டு அனுப்பும் பீங்கான் ஃப்யூஸ் கட்டைக்கு ஆர்டரை இனி மெயிலில்தான் அனுப்புவோம் என்று சென்னைக்காரர்கள் சொன்னதும் பேட்டையே ஓடிப்போய் வாங்கியது. மலிவாகக் கிடைத்ததெல்லாம் யாரோ கழித்துவிட்டவை. ஒன்று படுத்தால் இன்னொன்று வாங்கினோம். படுத்ததெல்லாம் பேக்கிங் ரூமில் ஏறி, வைக்கோல் வைக்க இடமில்லாமல் போனது.

காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்றேன். கருவேப்பிலங்குறிச்சி ரோட்டில் அவர் கொளுத்திய சாம்பலில் ஆடுகள் மேய்ந்ததை நீ பார்த்துவிட்டு வந்திருந்தாய். பங்கு சரிபாதிதான், ஆனால் என் பேச்சை மறுக்கும்போது மட்டும் என்னை முதலாளி ஆக்கிவிடுவாய்.

"மொதலாளி, நம்ம பொட்டி எவன் ஆட்டு வவுத்துலயும் போவக் கூடாது. நம்ம குப்பைய நாமளே முடிப்போம்."

முடிக்க நீ கண்ட வழி நம் ஊர்க்காரனுக்கு மட்டுமே தோன்றும். கையால் தொடப் பயப்படும் மருந்தெல்லாம் மேல்பூச்சாகச் சூளைக்குள் போய், ஊறுகாய் ஜாடியாக வெளியே வருவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நெருப்பு முறிக்காத விஷம் இல்லை என்று நம்பினோம். கம்ப்யூட்டருக்குள் இருந்த பச்சைத் தகடுகளையும் ஒயரையும் பிடுங்கி, சரக்கு அடுக்கிய சூளையிலேயே ஒரு மூலையில் வைத்தோம்.

நெருப்பு ஏறும்போதே இடுக்கெல்லாம் கரும்புகை கசிந்தது. ஆட்களை விலக்கிவிட்டு நீயே நின்று விறகு தள்ளினாய். சரக்கு முழுக்கக் கறை பிடித்து வந்தது. அது போகட்டும். அன்று பிடித்த இருமல் உன்னை விடவே இல்லை.

கடலூர் டாக்டர் நெஞ்சுப் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஏற்கெனவே பீங்கான் தூசு தின்ற நெஞ்சு. அந்தப் புகையால்தான் என்று சொல்ல அவரிடம் ஆதாரமில்லை, என்னிடமும் இல்லை. ஆனால் நான் வியாபாரி. எதற்குப் பின்னால் எது வந்தது என்று பார்க்கத் தெரியும்.

பேட்டை முதலாளிகள் கூட்டத்துக்கு மூச்சு வாங்கிக்கொண்டே வந்தாய். கம்பெனி பேர் கெடும் என்று நான் தடுத்தும் எழுந்து நின்று, நடந்ததை மறைக்காமல் சொன்னாய். சூளையிலும் போடக் கூடாது, காயலான் கடைக்கும் தரக் கூடாது. படுத்ததை விற்றவனே திரும்ப எடுத்துக்கொண்டால்தான் புதிது வாங்குவோம் என்று பேட்டை முழுக்க ஒரே முடிவாக நிற்க வேண்டும் என்றாய்.

"அதுவரைக்கும் பழச எங்க வைக்கிறது, உன் வூட்டுலயா?" என்றார் ஒருவர். கூட்டம் சிரித்தது. நீயும் சிரித்தாய். சிரிப்பு இருமலாகி வெளியே போய்விட்டாய். எல்லாரும் டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள். பிறகு உன் காரியத்துக்கும் தவறாமல் வந்தார்கள். முடிவைத்தான் எடுக்கவில்லை.

நீ போவதற்கு முன் ஆஸ்பத்திரியில் நான் அவர்களைத் திட்டியபோது நீ கையை அசைத்து நிறுத்தினாய். "அவங்கள வுடு. நீ வாங்குறப்ப கேளு. இது செத்தா யாரு தூக்குவாங்கன்னு கேட்டுட்டு வாங்கு."

கேட்கிறேன். போன வாரம் புதுச்சேரியிலிருந்து வந்த விற்பனைப் பையனிடமும் கேட்டேன். "இன்னும் வாங்கவே இல்ல, அதுக்குள்ள சாவப் பத்திப் பேசுறீங்களே சார்" என்றான். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். பக்கத்து யூனிட்டில் அன்றே வாங்கிவிட்டார்கள்.

பேக்கிங் இப்போது வராந்தாவில் நடக்கிறது. மழை வந்தால் நிற்கும். ரூமில் இருப்பதை எவனுக்கும் கொடுக்கவில்லை. கடைசியாக நீ வாங்கிய கம்ப்யூட்டர் மட்டும் ரிப்பேர் பார்த்துப் பார்த்து இன்னும் ஓடுகிறது. அதுவும் படுத்தால் எங்கே கொண்டுபோவது என்று, உன்னிடம் மறைப்பானேன், எனக்கு இன்னும் தெரியவில்லை.