நான்கு பரிசலில் ஒரு அம்பாசிடர்

பாய், இன்று காலை பென்னாகரம் ரோட்டில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். சூடான பித்தளையில் ஆசிட் பட்டால் ஒரு புகை வருமே, அது மூக்கில் ஏறியது. திரும்பிப் பார்த்தால் புதிதாக ஒரு ரேடியேட்டர் கடை. முன்பின் தெரியாத ஒருவர் லாரி ரேடியேட்டரைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். ஒரு பஸ் போனது, இன்னொன்றும் போனது. உங்களுக்கு ஒரு கடிதம் பாக்கி இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. நான் எட்டாவது வரைதான் படித்தவன். ஆனால் அந்த எட்டாவதில் என் கையெழுத்தைப் பார்க்க அரூரிலிருந்து வாத்தியார்கள் வந்து போனது உங்களுக்குத் தெரியும். நானே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

என் க்ரீம் கலர் அம்பாசிடரை வாடகைக்கு ஓட்டிய காலத்தில்தான் உங்களிடம் வந்தேன். தொப்பூர் ஏற்றத்தில் வண்டி கொதித்துவிட்டது. நீங்கள் ரேடியேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது நான் சுவரைப் பார்த்தேன். கண்ணாடி போட்ட அலமாரியில், விரல் நீளத்துக்கு வரிசை வரிசையாகக் கார்கள்.

"என்ன பாய், இந்த வயசுல பொம்ம வச்சி வெளையாடறீங்களா?" என்றேன்.

உங்களுக்குக் கோபம் வரவில்லை. கையைத் துடைத்துவிட்டு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தீர்கள். "பொம்மன்னா இப்டி கனக்குமாங்க?"

கனத்தது. முழுக்க உலோகத்தில் வார்த்த கார். தலைகீழாகத் திருப்பச் சொன்னீர்கள். வயிற்றுப் பக்கம் பொடி எழுத்தில் நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு என்று அளவு போட்டிருந்தது. நீளம், அகலம், உயரம் எல்லாம் நிஜ வண்டியின் அதே கணக்கு என்றீர்கள். வாங்கும்போது முகத்தைப் பார்க்காதீர்கள், அடியைப் பாருங்கள், முகத்தில் பெயின்ட் ஏமாற்றும் என்றீர்கள். அன்று பிடித்தது எனக்கும் அந்தக் கிறுக்கு. இப்போது என்னிடம் நூற்றிருபது வண்டி இருக்கிறது. வெளியில் ஐந்நூறு என்று சொல்லிக்கொள்கிறேன்.

நான் வாங்கிய வண்டியைக் கடை வாசலிலேயே பெட்டி பிரித்துத் தரையில் ஓட்டிப் பார்க்கிறவன். நீங்கள் நல்லதில் நல்லதைப் பிரிக்கவே மாட்டீர்கள். பல வருடம் தேடி உங்களுக்குக் கிடைத்த அந்த க்ரீம் கலர் அம்பாசிடர், என் வண்டியின் அதே நிறம், பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஒரே ஒரு தடவை கையில் கொடுங்கள் என்று கெஞ்சினேன். "பிரிச்சா அது பழைய வண்டிங்க. இப்ப அது இன்னும் ஷோரூம்லயே நிக்குது" என்று சிரித்துவிட்டு, ஒரு துணியால் பெட்டியின் தூசியை மட்டும் தட்டினீர்கள்.

என் பேச்சை ஊரில் எல்லோரும் கேட்பார்கள். தலையாட்டிவிட்டுப் போவார்கள். நீங்கள் மட்டும்தான் கேள்வி கேட்டவர். பிரேக் இல்லாமல் கணவாய் இறங்கினேன் என்றால், எத்தனையாவது கியரில் என்பீர்கள். யானை வழி மறித்தது என்றால், காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பீர்கள். நீங்கள் கேட்கக் கேட்க என் கதைக்குக் கதவு வந்தது, ஜன்னல் வந்தது, சில நாள் மாடியும் வந்தது. அப்படி ஒரு நாள் வாய் கொழுத்துச் சொன்னதுதான் ஒகேனக்கல் கதை. ஆற்றில் வெள்ளம், அக்கரையில் பிரசவ வலியில் ஒரு பெண், இரண்டு பரிசலைச் சேர்த்துக் கட்டி, பலகை போட்டு, என் அம்பாசிடரை அதன் மேல் ஏற்றிக் காவிரியைக் கடந்து கர்நாடகக் கரையில் இறக்கினேன் என்றேன்.

நீங்கள் சிரிக்கவில்லை. தலையாட்டவும் இல்லை. "பரிசலு எத்தன அடி அகலம்?" என்று கேட்டீர்கள்.

கையை விரித்துக் காட்டினேன். என் கையை நீங்கள் நம்பவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பஸ் ஏறி ஒகேனக்கல் போய், டேப் வைத்து அளந்து வந்தீர்கள். பரிசல் வாங்க வந்த ஆள் என்று நினைத்து அந்தப் பரிசல்காரர் டீ வாங்கிக் கொடுத்தாராம். அந்த அளவை நாற்பத்து மூன்றால் வகுத்து, மூங்கிலை நார் நாராகப் பிளந்து, உள்ளங்கைக்குள் அடங்குகிற பரிசல் பின்னினீர்கள். அடியில் பிளாஸ்டிக் தாள் ஒட்டித் தார் பூசினீர்கள். நிஜப் பரிசல் எப்படியோ அப்படி.

ரேடியேட்டர் சோதிக்கும் அதே தொட்டி. இரண்டு பரிசல், மேலே பலகை, அதன் மேல் அலமாரியிலிருந்து எடுத்த கறுப்பு அம்பாசிடர். கையை எடுத்த உடனே எல்லாம் சேர்ந்து அடியில் போய் உட்கார்ந்தது.

நான் அசரவில்லை. ரெண்டு இல்லை பாய், நாலு பரிசல், வயசாச்சு இல்லையா, மறந்துவிட்டேன் என்றேன். ஒரு வாரத்தில் இன்னும் இரண்டு பின்னிவிட்டீர்கள். நான்கும் மூழ்கின. தொட்டிக்குள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

"எங்கயோ தப்பு இருக்குதுங்க" என்றீர்கள்.

அந்தத் தப்பு நான்தான் என்று எனக்குப் பட்டது. என்னை ஊரில் யாரும் புளுகன் என்று முகத்துக்கு நேரே சொன்னதில்லை. நீங்கள் சொல்லிவிடுவீர்களோ என்று பயந்தேன். மற்றவர்கள் சொன்னால் அதை வைத்தே இன்னொரு கதை கட்டியிருப்பேன். நீங்கள் சொன்னால் என்ன செய்வது? அதனால் கடைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டேன். நீங்கள் போன் செய்து, "ஒரு சமாச்சாரம் காட்டணும், வாங்க" என்றபோது குடும்பத்தோடு தீர்த்தமலைக்கு வந்திருக்கிறேன் என்றேன். வூட்டில்தான் இருந்தேன், பாய். இரண்டாம் முறை மாரியம்மன் பண்டிகை என்றேன். மூன்றாம் முறை எடுக்கவே இல்லை. அந்த வாரத்திலேயே நெஞ்சுவலி என்று உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது உங்களை வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தார்கள்.

நாற்பது நாள் கழித்து உங்கள் மகள் நசீமா கூப்பிட்டாள். கடையைக் காலி செய்கிறோம், ஒரு தடவை வந்து போங்க மாமா என்றாள். போனேன். தொட்டியில் தண்ணீர் அப்படியே இருந்தது. பக்கத்தில் நான்கு பரிசல், பலகை, அந்த க்ரீம் கலர் அம்பாசிடர். பெட்டி இல்லை. எனக்குத் திக்கென்றது.

அவள்தான் சொன்னாள். நீங்கள் கறுப்பு அம்பாசிடரைப் பக்கத்து நகைப் பட்டறைத் தராசில் நிறுத்துப் பார்த்திருக்கிறீர்கள். நிஜ வண்டியின் எடையை விசாரித்து, உங்களிடம் ரேடியேட்டர் ஓட்டை அடைக்க வந்த கணக்கு வாத்தியார் ஒருவரிடம் கேட்டிருக்கிறீர்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால் எடையை நாற்பத்து மூன்றால் மூன்று தடவை வகுக்க வேண்டும் என்று அவர் சொன்னாராம். அப்படி வகுத்தால் அந்தச் சின்ன வண்டி பதினாலு கிராம்தான் இருக்க வேண்டும். இருந்ததோ நூற்றுமுப்பது கிராம். கையில் கனக்கிறது, கனக்கிறது என்று நாம் கொண்டாடினோமே, அந்தக் கனம்தான் பொய். இத்தனை வருடம் அடியைத் திருப்பி அளவைப் படித்த நமக்கு, அந்த அளவு எடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பது தெரியாமல் போயிற்று.

பிறகு கறுப்பு வண்டியின் உள்பக்கத்தைச் சுரண்டப் பார்த்திருக்கிறீர்கள். மேல்கூரை உடைந்துவிட்டது. வேறு அம்பாசிடர் உங்களிடம் ஒன்றுதான் இருந்தது. பெட்டியைப் பிரித்தீர்கள். அடி ரிவெட்டைத் துளைத்துத் தகட்டைக் கழற்றி, உள்ளே இருந்த உலோகத்தைப் பதினோரு நாள் அரத்தால் அராவியிருக்கிறீர்கள். வெளியே ஒரு கீறல் இல்லை. உள்ளே தகடு காகிதம் போல மெலிந்துவிட்டது. பதினாலு கிராமுக்கு வரவில்லை, அதற்கு மேல் அராவினால் பொத்துப் போகும். ஆனாலும் நசீமா அதைப் பரிசலில் வைத்துக் கையை எடுத்தாள்.

மிதந்தது, பாய். லேசாக ஒரு சுற்றுச் சுற்றித் தொட்டியின் அந்த ஓரத்தில் போய் முட்டி நின்றது.

இதைக் காட்டத்தான் மூன்று முறை கூப்பிட்டீர்கள்.

அதை இந்த ஓரத்துக்கு இழுத்து நானே இன்னொரு முறை விட்டுப் பார்த்தேன். பிறகு நசீமாவிடம், உங்க அத்தா நான் சொன்னத நம்பினாராம்மா என்று கேட்டேன். அவள் சொல்லத் தயங்கினாள்.

"நானே கேட்டேங்க மாமா. அந்த மாமா புளுகறாருன்னு ஊருக்கே தெரியுமே அத்தா, இதுக்குப் போயி அந்த வண்டியப் பிரிக்கறீங்களேன்னு."

"என்ன சொன்னாரு?"

"தெரியும்மா, புளுகனது அவரு, மெதக்குமா மெதக்காதாங்கறது தண்ணிக்குத்தான் தெரியும்னாரு."

பாய், ஒகேனக்கல்லில் அன்று என் அம்பாசிடர் ஆற்றில் இறங்கவே இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் புளியமர நிழலில் நின்றது. நான் கரையில் உட்கார்ந்து மீன் வறுவல் தின்றுகொண்டு, இதில் காரை ஏற்றினால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நடந்தது. பிரசவப் பெண்ணும் இல்லை.

வண்டியையும் பரிசல்களையும் நசீமா என்னிடமே கொடுத்துவிட்டாள். டீக்கடையில் அந்தக் கதையைச் சொல்லச் சொல்லி இன்னமும் கேட்கிறார்கள். மற்றக் கதைகளைப் பழையபடியேதான் அளக்கிறேன், உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். இதை மட்டும், போகவில்லை, ஆனால் போயிருக்கலாம் என்று முடிக்கிறேன். பெரும்பாலும் சிரித்துவிட்டு எழுந்து போகிறார்கள். போன வாரம் ஒருவர் மட்டும் உட்கார்ந்தபடியே, "அதெப்டிங்க போவும்?" என்று கேட்டார். வூட்டுக்குக் கூட்டிவந்து அண்டாவில் தண்ணீர் பிடித்தேன்.